இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

1

சீமைக்குப் போனவன் பெண்ணுக்குக் கழுத்தில் சங்கிலி போடாமல் கையில் துப்பாக்கி கொடுத்தானாம் என்று ஆம்பூரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். முதலில் நானும் சிரிக்கத்தான் செய்தேன்.

என் மகள் ரூத்துக்குச் சென்ற மாதம் பதினெட்டு வயது நிறைந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். துப்பாக்கி என்றாள். அதிலும் ஏதோ ஒன்று போதாதாம். இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிற புது மாதிரி வேண்டுமாம்.

நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஒரு தோல் கிடங்கில் வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் பதனிட்ட மாட்டுத்தோல் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தோலையும் தடவிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று அடுக்குகிறேன். கட்டு அவிழும்போது ஆவாரம்பட்டை வாசனை குப்பென்று எழும். அந்த வாசனைக்காகவே சில நாள் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் என் மனைவி மார்கரெட் நம்பமாட்டாள். அவள் இந்த நாட்டுக்காரி, கெண்ட் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளுடைய தம்பி டாமின் பண்ணையில்தான் ரூத்துக்கு இந்தத் துப்பாக்கிப் பித்து பிடித்தது.

யாரையும் கொல்வதற்கு இல்லை, பயப்பட வேண்டாம். இங்கே களிமண் புறா என்று ஒரு விளையாட்டு. அதில் களிமண்ணும் கிடையாது, புறாவும் கிடையாது. தாரையும் சுண்ணாம்புத் தூளையும் சேர்த்து அச்சில் வார்த்த சின்னத் தட்டு. வேலிக்குப் பின்னாலும் பரண்மேலும் விசைப்பொறியை மறைத்துவைத்து, அதிலிருந்து தட்டை வீசுவார்கள். ஒன்று கௌதாரி போலத் தலைக்குமேல் பாயும், ஒன்று முயல் போலத் தரையில் உருளும், ஒன்று வாத்து போல நெட்டுக்குத்தாக எழும்பும். இடம் மாறி மாறி நின்று, பறக்கிற தட்டைச் சுட்டுத் தூளாக்க வேண்டும். பாவமில்லாத வேட்டை என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

ரூத் மூன்று மாதம் டாமின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டாள். தட்டுகள் நலமாகத் தரையிறங்கின. குறி தப்பினால் சில சமயம் வலப்பக்கம், சில சமயம் இடப்பக்கம் போவதுதான் வழக்கம். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் இடப்பக்கமே போனது. குற்றம் துப்பாக்கியில்தான், மேலும் கீழுமாகக் குழல் இருந்தால் கண்ணுக்கு ஒரே கோடு தெரியும், குறி தப்பாது என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாள். டாம் அதைப் புதுப் பணக்காரர்களின் பொம்மை என்றான்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. ரூத் தொட்ட பாத்திரம் உடையும். அவள் கையெழுத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் உதட்டைப் பிதுக்குவார்கள். பியானோவை இரண்டு வருஷம் தட்டிவிட்டு மூடினாள். தையல், டென்னிஸ் எல்லாம் அப்படியே. ஒவ்வொன்றையும் விடும்போது, தனக்குக் கை வராது என்பாள். இந்தத் தடவை அவள் சொன்னது இன்னும் மோசம்.

“இது மட்டும் எனக்கு வரலன்னா, இனிமே எதையும் தொடமாட்டேம்பா.”

லண்டனில் பிறந்தவள் பேசுகிற தமிழ் இது. கற்றுக்கொடுத்தது நான் ஒருவன்தான் என்பதால் அச்சு அசலாக ஆம்பூர்த் தமிழ். மரியாதை மட்டும் தலைகீழாகப் போய்விட்டது. வீட்டு நாயைப் பார்த்து, ‘வாங்க, குந்துங்க’ என்பாள். கப்பலில் வந்த வாணியம்பாடி வியாபாரி ஒருவரை, ‘வா, குந்து’ என்றாள். மனிதர் நல்லவர், குந்தினார்.

2

லைசென்ஸ் விஷயம் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டு விசாரித்தேன். தபாலாபீசுக்குப் போ என்றார்கள். ஜன்னலில் இருந்த பெண் பத்து ஷில்லிங்கை வாங்கிக்கொண்டு, தபால்தலை கிழிக்கிற மாதிரி ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். உன் அப்பன் யார், ஜமீன் எவ்வளவு, சர்க்காரிடம் விசுவாசம் உண்டா, ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எங்கள் டேனரி முதலாளி ஒரு துப்பாக்கிக்காக நடந்த நடை எனக்கு நினைவுக்கு வந்தது. எல்லோரும் அவரைச் சாயபு என்போம். வேலூர்த் தாசில்தார் கச்சேரிக்கு எத்தனை தடவை போனார் என்று கணக்கே இல்லை. அப்போது ஜில்லா கச்சேரி சித்தூரில் இருந்தது. அங்கேயும் அலைந்தார். போலீஸ் வந்து விசாரித்தது. மனுவில் ஒரு எழுத்துப் பிசகு என்று திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது வேலூர் லாங் பஜாரில் இறங்கி வீட்டுக்குப் பழம் வாங்கி வருவார். பழம் வந்தால் லைசென்ஸ் வரவில்லை என்று டேனரியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவருக்குத் துப்பாக்கி எதற்கு? பருந்தை விரட்ட. தோலின் உள்பக்கத்தில் சுரண்டி எடுக்கிற சவ்வைக் களத்தில் காயப்போடுவார்கள். பசை காய்ச்சுகிறவர்கள் அதை வாங்கிப் போவார்கள். காயப்போட்ட அரைமணிக்குள் வானத்தில் பருந்து வட்டமிடும். களத்தைக் காக்கிற வேலை பெண்களுக்கு. என் அக்கா ஞானம் அந்த வேலையில் இருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் அதே டேனரியில் தரம் பிரிக்கிற மேஜையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன்.

அக்கா பிறவியில் இடது கைக்காரி. எங்கள் பக்கத்தில் அதைப் பீச்சாங்கை என்பார்கள், சொல்லும்போதே முகம் சுளிக்கும். இடது கையால் சாப்பிட்டாலும் தப்பு, கொடுத்தாலும் தப்பு, வாங்கினாலும் தப்பு. அம்மா அவள் சின்ன வயதிலேயே பழைய புடவைக் கிழிசலால் அந்தக் கையை இடுப்போடு கட்டிப்போட்டு, வலது கையைப் பழக்கிவிட்டாள். சோறு, எழுத்து, கோலிக்குண்டு எல்லாம் வலதுக்கு மாறின. கல்லெறிவது மட்டும் மாறவில்லை. பருந்தைக் கண்டதும் இடது கை தானாகக் குனிந்து கல்லைப் பொறுக்கும்.

ஒரு வழியாக லைசென்சும் துப்பாக்கியும் வந்து சேர்ந்தன. அன்று டேனரியில் ஒருவரும் வேலை செய்யவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்கள்கூடக் காலைக் கழுவிக்கொண்டு களத்துக்கு வந்துவிட்டார்கள். சாயபு இரண்டு குழலையும் சுட்டார். பருந்துகள் ஒரு சுற்று மேலே போய், திரும்பக் கீழே வந்தன. ஒன்று சவ்வைக் கவ்விக்கொண்டு எழும்பியது. அக்கா கல்லை எடுத்து விட்டாள். கல் அதன் இறக்கையில் பட்டு, சவ்வு களத்திலேயே விழுந்தது. பருந்து பிழைத்துப் போய்விட்டது.

சாயபு துப்பாக்கியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“தெண்டத்துக்குத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கிட்டேன். இந்தப் பொண்ணு பீச்சாங்கைக்கு வாங்கியிருக்கணும்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அந்தப் பேச்சு எங்களுக்கு முன்பே தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆவது என்று அம்மா அழுதாள். மறுநாளிலிருந்து அக்கா டேனரிக்கு வரவில்லை. அடுத்த வருஷம் ஆலங்காயத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் கல்லெடுத்து எறிந்ததை நான் மறுபடி பார்க்கவில்லை.

3

துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்ததும் நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. அதை வைக்கிற தோல் பெட்டியைத் தடவினேன். முதல் தரம், நம் ஊர்ச் சரக்கு. விற்பனைக்காரரிடம் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

மேலும் கீழுமாகக் குழல் வைத்த துப்பாக்கிகளில் ஏழெட்டு எடுத்து வைத்தார். பக்கவாட்டில் வேட்டை நாயும் காட்டுக்கோழியும் செதுக்கியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றையும் குப்புறப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். தோலில் மேற்பக்கம் பளபளக்கும், குறையெல்லாம் உள்பக்கத்தில் இருக்கும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், துப்பாக்கிக்காக மாறுமா? அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் இரண்டு துப்பாக்கிகளில் இரும்பும் மரமும் சேருகிற இடத்தில் இடுக்கு இருந்ததை நான் காட்டியதும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியில் பெல்ஜியத்தில் செய்த ஒன்று என் கைக்குப் பிடித்தது. ஒருவர் கொஞ்ச நாள் வைத்திருந்து விற்றது. செதுக்கல் கம்மி, வேலை சுத்தம். ஒரு குழலின் வாய் சற்று விரிந்தது, கிட்டத்தில் போகிற தட்டுக்கு. மற்றது இறுகியது, தூரத்தில் போகிறதற்கு. டாமின் துப்பாக்கியைவிடக் கனம் கொஞ்சம் ஜாஸ்தி. கனமிருந்தால் வீசும்போது பாதியில் நின்றுவிடாமல் ஓடும் என்றார் விற்பனைக்காரர். ரூத் அதைத் தூக்கிப் பிடித்துக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டாள். விலை பேசி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது உள்ளேயிருந்து அளவுக்காரர் வந்தார். வெள்ளை மீசை, பச்சை ஏப்ரன். சட்டைக்கு அளவெடுப்பதுபோலத் துப்பாக்கிக்கும் இங்கே அளவெடுக்கிறார்கள். அதற்கென்று ஒரு துப்பாக்கி உண்டு, தோளில் அணைக்கிற அதன் மரக்கட்டையைத் திருகாணிகளால் நீட்டலாம், குறைக்கலாம், பக்கவாட்டில் வளைக்கலாம். அதை ரூத்திடம் கொடுத்து, தன் கண்ணுக்கு நேராகக் குறி வைக்கச் சொன்னார். அவள் வலது தோளில் வைத்தாள். அவர் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். பிறகு ஒரு கண்ணை மூடு, மற்றதை மூடு என்றார்.

விஷயத்தை அவர் எனக்கு விளக்கினார். இரண்டு கண்ணில் ஒன்று எஜமான். ரூத்துக்கு இடது கண் எஜமான். துப்பாக்கி வலது தோளில், பார்வை இடது கண்ணில். எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் குறி இடப்பக்கம்தான் போகும். இதற்கு இரண்டு வழி உண்டு. வலது தோளில் வைத்தாலும் குழல் இடது கண்ணுக்கு நேராக வரும்படி, கட்டையை ஆட்டுக்கொம்பு மாதிரி வளைத்துச் செய்யலாம். பார்க்கச் சகிக்காது, ஆனால் வேலை செய்யும். அல்லது துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றி, முதலிலிருந்து பழகலாம். இடது கைக்காரர்களுக்கு அது சுலபமாக வரும்.

“சின்னப் பிள்ளையில் இவள் இடது கைக்காரியா?” என்று என்னைக் கேட்டார்.

ரூத்தும் என்னைப் பார்த்தாள்.

“இல்லை” என்றேன். அந்தப் பொய் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ரூத் வளைந்த கட்டையே போதும் என்றாள். “எனக்கு வலது கைதாம்பா வருது. அதுவும் சரியா வராது” என்று என்னிடம் தமிழில் சொல்லிச் சிரித்தாள். அளவுக்காரர் பென்சிலை எடுத்தார். ஒரு வாரம் பொறுங்கள் என்று அவரிடம் சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

4

எதிரில் ஒரு டீக்கடை. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்லியிருக்கமாட்டேன்.

ஐரோப்பிய மகாயுத்தம் முடிந்த மறுவருஷம், அவளுக்கு ஐந்து வயது. மூன்று பேரும் ஊருக்குப் போவதாக முடிவாகி, கப்பலுக்கு முன்பணமும் கட்டியிருந்தேன். ஆலங்காயத்திலிருந்து அக்கா கடிதம் போட்டாள். அதில் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: ‘பாப்பா எந்தக் கையால சாப்பிடுது? மறைக்காம எழுது.’

பாப்பா இடது கையால்தான் சாப்பிட்டாள். படம் வரைந்ததும் இடது கையால். வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டவன் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு. இப்போது ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கையைப் பீச்சாங்கையால் போடுகிற பெண்ணையும் கூட்டிப்போய் நிறுத்துவதா? மார்கரெட் குழந்தையை அப்படியே விடு என்றாள். உனக்கு எங்கள் ஜனங்களைத் தெரியாது என்று நான் அடக்கிவிட்டேன். அம்மா மாதிரி கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு சிவப்புக் காலுறையை அவள் இடது கையில் மாட்டினேன். இது தூங்குகிற பாப்பா, எழுப்பக்கூடாது என்றேன். சாப்பிடும்போதும் எழுதும்போதும் நானே பக்கத்தில் உட்கார்ந்து, காலுறைக்குத் தாலாட்டுப் பாடினேன். மூன்று மாதத்தில் கை மாறிவிட்டது. வலது கையால் சாப்பிடுகிறாள் என்று அக்காவுக்குப் பெருமையாக எழுதினேன்.

ரூத் கோப்பையைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தச் செவப்பு சாக்ஸா?” என்றாள். “அது வெளையாட்டு இல்லியாப்பா?”

நான் என் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கினேன்.

“எங்கப்பா என்கூட வெளையாடுவாரு, பாட்டு பாடுவாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிருக்கேன். சின்ன வயசுல எனக்கு ஞாபகம் இருக்கறதுலயே நல்லது அதுதான்.”

அவளுக்குக் குரல் உடைந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு திரும்பி, “ஊருக்குப் போறதுக்காகவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“நாம போகவே இல்லியேப்பா.”

போகவில்லை. அந்த வருஷக் கடைசியில் தோல் விலை தலைகுப்புற விழுந்தது, கிடங்கில் லீவு இல்லை என்றார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருஷம் அவளுக்குப் பள்ளிக்கூடம். அதற்கடுத்த வருஷம் மார்கரெட்டுக்கு உடம்பு சரியில்லை. இப்படியே போய்விட்டது. யார் கண்ணுக்காக அந்தக் கையை மாற்றினேனோ, அவர்களில் ஒருவர்கூட அவளை இன்றுவரை பார்த்ததில்லை.

5

ஒன்பது நாள் ரூத் என்னிடம் இங்கிலீஷில் மட்டும் பேசினாள். திட்டவில்லை, கதவை அறையவில்லை. குட் மார்னிங் என்றாள், குட் நைட் என்றாள். இங்கிலீஷ் இவ்வளவு பேஜாரான பாஷை என்று இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குத் தெரியாது. மார்கரெட் ஒன்றும் சொல்லவில்லை. பதிமூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டாள் அல்லவா?

அந்த நாட்களில் அக்காவின் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். பாப்பா வலது கையால் சாப்பிடுகிறாள் என்று நான் எழுதியதற்கு அவள் பதில் இருந்தது. மற்றக் கடிதங்களில் மழை, மாடு, பிள்ளைகளின் காய்ச்சல் என்று நாலு பக்கம் எழுதுகிறவள், அதில் ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘சரி தம்பி, நல்லது.’ பிறகு அதைப்பற்றி அவள் கேட்கவே இல்லை. அப்போது நான் நிம்மதியாக மடித்து வைத்த கடிதம் அது. இப்போது அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மேஜையில் ரூத் கரண்டியை இடது கையால் பிடித்து சூப் குடித்தாள். வேண்டுமென்றே செய்தாளா, என்னைச் சோதித்தாளா, தெரியாது. பாதி மேஜைவிரிப்பில் சிந்தியது. உப்பு எங்கே என்று கேட்டாள். நான் உப்புக் கிண்ணத்தை எடுத்து அவள் இடது கைக்கு நீட்டினேன். எங்கள் வீட்டில், எங்கள் வழியில், யாரும் யார் இடது கையிலும் உப்பைக் கொடுத்ததில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

“கடைக்கு எப்பப்பா போலாம்?” என்றாள், தமிழில்.

அளவுக்காரரிடம் நானே போய், முன்பு சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அதே பெல்ஜியத் துப்பாக்கியின் கட்டையை இடது தோளுக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னார். எப்படித் திருப்புவீர்கள் என்று கேட்டதற்கு உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். வால்நட் கட்டையின் கழுத்தில் துணியைச் சுற்றி, கொதிக்கிற எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மெல்ல மெல்ல முறுக்குகிறார்கள். அவசரப்பட்டால் கட்டை பிளந்துவிடும். எண்ணெய் குடித்துத் தோல் இளகுவதை ஆயிரம் தடவை பார்த்தவன் நான், ஆனாலும் மரம் இளகியதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை என்று அவர் நினைத்திருப்பார். முதல் வருஷத்தில் இது பழைய பக்கத்துக்கே திரும்பப் பார்க்கும், அப்போது கொண்டு வாருங்கள் என்றார்.

6

சென்ற சனிக்கிழமை டாமின் பண்ணைக்குப் போனோம். குளிர் காற்று, சேற்றில் என் பூட்ஸ் கணுக்கால் வரை இறங்கியது. ரூத் துப்பாக்கியை இடது தோளில் வைத்தாள். முதல் மூன்று தட்டும் முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தன. டாம் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவள் அங்கே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும். ஜெபம் பண்ணக்கூட வார்த்தை வரவில்லை.

அவள் வைக்கவில்லை. கால்களைக் கொஞ்சம் அகட்டி, வலது காலை முன்னால் போட்டு, தலையைச் சாய்த்து வானத்தைப் பார்த்தாள். அந்த நிலை எனக்குத் தெரியும். கல்லை விடுவதற்கு முன்னால் களத்தில் அப்படி ஒருத்தி நிற்பாள். வேலிக்குப் பின்னாலிருந்து தட்டு எழும்பியது. குழல் அதன் பின்னாலேயே ஓடியது. வெடித்த சத்தத்துக்கு அப்புறம் வானத்தில் கொஞ்சம் கருப்புத் தூள்தான் இருந்தது. ரூத் திரும்பி என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

இருபத்தைந்தில் பதினொன்று. பெரிய எண்ணிக்கை இல்லை என்று டாம் சொன்னான். சொல்லிவிட்டு, அந்தத் துப்பாக்கியைக் கொஞ்சம் கொடு பார்க்கலாம் என்று கையை நீட்டினான். ரூத் தரமாட்டேன் என்றாள்.

ஞானம் அக்கா, கண் மங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். இதை உனக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாய், மறைக்காமல் எழுது என்றும் சொன்னாய். பயந்து கேட்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆசைப்பட்டுக் கேட்டாயோ என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. பாப்பா பீச்சாங்கைதான், அக்கா. உன் கை இங்கே இருக்கிறது.